மக்காவ் நகரில் எங்கே, எப்போது, எப்படிச் சாப்பிடுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

தென்சீனக் கரையில் உள்ள சூதாட்ட நகரமான மக்காவுக்கு (Macau) போய் மூன்று நாள் தங்கிவிட்டு, ஊரின் ஒரு தெருவைக்கூட மிதிக்காமல் திரும்புவது மிகவும் எளிது. படகுத்துறையிலோ எல்லைச் சாவடியிலோ இறங்கியதும் விடுதியின் இலவசப் பேருந்து காத்திருக்கும். அது குளிரூட்டப்பட்ட வாசலில் கொண்டுபோய் விடும். உள்ளே எப்போதும் அந்தி மயங்கும் நேரத்தைக் காட்டும் வர்ணம் பூசிய வானமும், அதன் கீழே கால்வாயும், கால்வாய் ஓரமாக முப்பது நாற்பது உணவகங்களும் இருக்கும். வெளியே போக வேண்டிய தேவை எழாதபடிதான் இந்த வளாகங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. சூதாட்டத்துக்காக வருபவருக்கு அது வசதி. சாப்பாட்டுக்காக வருபவருக்கோ அது பெரிய இழப்பு, ஏனென்றால் இந்த ஊரின் சமையல் சூதாட்ட மாளிகைகளைவிட நானூறு ஆண்டுகளாவது மூத்தது. 1557இல் போர்த்துக்கீசியர் இங்கே குடியேறினார்கள்; 1999 டிசம்பர் 20 அன்று ஊர் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது; இடைப்பட்ட காலத்தில் கோவா, மலாக்கா, ஆப்பிரிக்கத் துறைமுகங்கள் எல்லாவற்றிலிருந்தும் கப்பலேறி வந்த மசாலாவும் மனிதர்களும் இங்கேதான் கலந்தார்கள்.

அதற்காக மாளிகைகளுக்குள் இருக்கும் உணவகங்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. உலகத்தின் தலைசிறந்த சில அடுக்களைகள் அங்கேதான் இருக்கின்றன. எந்த வேளைக்கு எங்கே போவது என்ற கணக்கு தெரிந்தால் இரண்டையும் அனுபவிக்கலாம். மதியத்தை மாளிகைக்குக் கொடுங்கள், காலையையும் இரவையும் பழைய தெருக்களுக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கணக்கு. அதற்கான காரணங்களும் வழிமுறையும் கீழே படிப்படியாக வருகின்றன.

முதல் படி: ஊரின் நான்கு துண்டுகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

மக்காவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 33 சதுர கிலோமீட்டர்தான். வடக்கே சீனப் பெருநிலத்தோடு ஒட்டியிருப்பது தீபகற்பம். பழைய ஊர், தேவாலயங்கள், கோயில்கள், 1970 முதல் நிற்கும் லிஸ்போவா சூதாட்ட விடுதி, அதன் அருகே தங்கத் தாமரைபோல் விரிந்திருக்கும் கிராண்ட் லிஸ்போவா எல்லாம் இங்கே. பாலங்களைக் கடந்தால் தைப்பா. அதற்கும் தெற்கே கொலோவான். தைப்பாவும் கொலோவானும் ஒரு காலத்தில் தனித்தனித் தீவுகள். நடுவிலிருந்த கடலை மண்கொட்டி நிரப்பி உண்டாக்கிய நிலம்தான் கோத்தாய். இரண்டு தீவுகளின் பெயர்களிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டை எடுத்து ஒட்டிய பெயர் அது. 2007இல் வெனிஷியன் என்ற பெரிய சூதாட்ட மாளிகை திறக்கப்பட்ட பிறகு பளபளப்பு முழுவதும் இங்கே குவிந்தது.

1962 முதல் ஒரே நிறுவனத்தின் கையிலிருந்த சூதாட்ட உரிமை 2002இல் பலருக்கும் திறந்துவிடப்பட்டது. 2004இல் முதல் அமெரிக்க மாளிகை வந்தது. 2006இல் சூதாட்ட வருமானத்தில் லாஸ் வேகாஸின் பெருந்தெருவையே மக்காவ் முந்திவிட்டது. உணவுக்கு இதனால் விளைந்த பயன் என்னவென்றால், பெரும் பணம் வைத்து ஆடுபவர்களைத் தங்கள் கூரையின் கீழேயே பிடித்து வைக்க, மாளிகைகள் போட்டி போட்டுக்கொண்டு பெரிய சமையற்கலைஞர்களை அழைத்து வந்தன. அந்த உணவகங்கள் தம் சொந்த லாபத்தை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. அதனால்தான் மதிய வேளையில், அந்தத் தரத்துக்குக் கொடுக்க வேண்டியதைவிடக் குறைவான விலையில் அங்கே சாப்பிட முடிகிறது.

இரண்டாம் படி: காலையைத் தேநீர்க் கடையில் தொடங்குங்கள்

விடுதி அறையோடு காலை உணவும் சேர்ந்து வந்தால்கூட, ஒரு நாளாவது அதை விட்டுக்கொடுத்துவிட்டு, தீபகற்பத்தின் வடபகுதியில் 1936இல் கட்டப்பட்ட சிவப்புச் சந்தைக் கட்டடத்தின் அருகே உள்ள லோங் வா தேநீர்க் கடைக்குப் போங்கள். 1962இல் தொடங்கிய கடை. மாடிப்படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். தேயிலையைத் தேர்ந்தெடுப்பது, கொதிநீர் ஊற்றுவது, ஆவி பறக்கும் சிறு கூடைகளில் டிம்சம் என்ற சிறு பலகாரங்களை எடுத்து வருவது எல்லாம் நம் பொறுப்பு. பழைய மரச் சாமான்கள், ஜன்னலுக்கு வெளியே சந்தையின் சத்தம், யாரும் நம்மை அவசரப்படுத்தாத நிம்மதி. பிற்பகலில் கடையை மூடிவிடுவார்கள் என்பதால் இங்கே இரவுணவுக்குத் திட்டமிட முடியாது.

கன்டோனியத் தேநீர் மேசைக்கு இரண்டு சைகைகள் உண்டு. யாராவது நம் கோப்பையில் தேநீர் ஊற்றினால், பேச்சை நிறுத்தி நன்றி சொல்லத் தேவையில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் மெதுவாகத் தட்டினால் போதும். பரிமாற ஆள் உள்ள கடைகளில் தேநீர்க் குடுவை காலியானால், மூடியைத் திறந்து சாய்த்து வைத்துவிட்டால் வெந்நீர் தானாக வந்து சேரும்.

டிம்சம் வேண்டாம், நூடுல்ஸ் போதும் என்பவர்கள், அலை அலையாகக் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த செனாடோ சதுக்கத்துக்குப் போகலாம். அங்கே உள்ள வோங் சி கெய் கடை, மூங்கில் கழியின் ஒரு முனையில் ஆள் உட்கார்ந்து எழும்பி எழும்பி மாவைப் பிசையும் பழைய முறையில் செய்த மெல்லிய நூடுல்ஸுக்குப் பேர்போனது. உலர்ந்த இறால் சினையைத் தூவிப் புரட்டித் தரும் வகையைக் கேளுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், வாயில் போட்டால் கடல் வாசம் வரும். அதே சதுக்கத்தில் லெய்தாரியா ஈ சோன் என்ற பால்கடையில் ஆவியில் வேகவைத்த பால் புட்டிங் கிடைக்கும். மேலே மெல்லிய ஆடை, கீழே கரண்டி பட்டால் நடுங்கும் வெண்மை. சீம்பாலைக் காய்ச்சிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: மதியத்துக்கு மாளிகையில் முன்பதிவு செய்யுங்கள்

கிராண்ட் லிஸ்போவாவின் 43ஆம் மாடியில், கண்ணாடிக் குவிமாடத்தின் கீழே, மிகப் பெரிய படிகச் சரவிளக்கு தொங்கும் ரோபுஷோன் ஓ டோம் இருக்கிறது. 2018இல் மறைந்த பிரெஞ்சு சமையற்கலைஞர் ஜோயல் ரோபுஷோனின் பெயர் தாங்கிய இந்த இடம், உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிச்சலின் கையேடு மக்காவுக்கு வரத் தொடங்கியதிலிருந்தே மூன்று நட்சத்திர வரிசையில் பேசப்படுவது. இரவில் இங்கே சாப்பிடுவதற்கு ஆகும் செலவைக் கேட்டால் நடுத்தர வருமானக்காரருக்குத் தலைசுற்றும். மதியத் தொகுப்பு உணவோ அதில் ஒரு சிறு பங்குதான். அதே அடுக்களை, அதே பரிமாறுதல், கூடவே பகல் வெளிச்சத்தில் ஊர் முழுவதும் காலடியில் தெரியும் காட்சி. உட்கார்ந்த சிறிது நேரத்தில் ரொட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அதில் எத்தனை வகை என்று எண்ணி முடிப்பதற்குள் தட்டு நிறைந்துவிடும். ரொட்டியிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல் இருப்பதற்குப் பெரிய மன உறுதி வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சீனச் சமையலின் உச்சத்தைப் பார்க்க விரும்பினால் இரண்டு இடங்கள். அதே கிராண்ட் லிஸ்போவாவில் உள்ள தி எய்ட் உணவகத்தில் மதியத்தில் டிம்சம் கிடைக்கும். தங்கமீன் வடிவில் மடித்த இறால் கொழுக்கட்டை, முள்ளம்பன்றி வடிவில் கத்தரித்துப் பொரித்த பன்றி இறைச்சிப் பன் ஆகியவை விளையாட்டுப் பொருள்போலத் தோன்றினாலும் சுவையில் விளையாட்டு கிடையாது. கோத்தாயில் சிட்டி ஆஃப் டிரீம்ஸ் வளாகத்தில் உள்ள ஜேட் டிராகன் மற்றொன்று. லிச்சி மரக் கட்டைகளை எரித்து வாட்டும் பன்றி இறைச்சி அங்கே புகழ்பெற்றது. விளிம்பில் கருகிய இனிப்பும் நடுவில் கரையும் கொழுப்புமாக, நாலைந்து துண்டுகளே ஒரு வேளை உணவுக்கு ஈடு.

முன்பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது உடை: அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போகும் ஆண்களை இத்தகைய இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது நாள்: வார இறுதி, சீனப் புத்தாண்டு, மே மற்றும் அக்டோபர் மாதத் தேசிய விடுமுறைகள், நவம்பரில் கார்ப்பந்தயம் நடக்கும் நாட்கள் ஆகியவற்றில் இடம் கிடைப்பதும் அரிது, அறை வாடகையும் ஏறியிருக்கும், செவ்வாய், புதன் போன்ற வாரநாட்களே நல்லவை. மூன்றாவது வயது: 21 நிறையாதவர்கள் சூதாட்டத் தளத்துக்குள் நுழையவே முடியாது. பெரும்பாலான உணவகங்களுக்குத் தனி வழி உண்டு, ஆனால் தளத்துக்குள்ளேயே அமைந்த நூடுல்ஸ் கடைகள் சிலவும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள், உணவகத்துக்குப் போகும் வழி தளத்தின் ஊடாகச் செல்கிறதா என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம்.

நான்காம் படி: மக்கானீஸ் சமையலுக்கு ஒரு முழு இரவை ஒதுக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். போர்த்துக்கீசிய ஆண்களுக்கும் கோவா, மலாக்கா, ஜப்பான், சீனப் பெண்களுக்கும் பிறந்த வம்சாவளியினர் மக்கானீஸ் மக்கள். அவர்களுடைய அடுக்களையில் பிறந்த உணவு சீனமும் இல்லை, போர்த்துக்கீசியமும் இல்லை. 2017இல் யுனெஸ்கோ மக்காவைச் சமையற்கலை நகரமாக அறிவித்ததற்கும், 2021இல் சீனா இந்தச் சமையலைத் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்ததற்கும் காரணம் இதுதான்.

உணவுப் பட்டியலைக் கையில் வாங்கியதும் ஒரு தமிழருக்கு விந்தையான அனுபவம் ஏற்படும். மேசைக்குப் போர்த்துக்கீசியத்தில் மேஸா, அன்னாசிக்கு அனனாஸ், ஜன்னலுக்கு ஜனேலா, சமையலறைக்குக் கொஸீன்யா. புதுச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் குசினி என்று சொல்வது இந்தக் கொஸீன்யாவைத்தான். ரொட்டிக்குப் பாவ் என்று எழுதியிருக்கும். ஈழத்தில் பாண் என்கிறோம். மொழி தெரியாத ஊரில் பாதிப் பட்டியல் நம் வீட்டுச் சொற்களாக இருக்கிறது.

சொற்களோடு நிற்கவில்லை. கலீன்யா ஆ போர்த்துகேசா என்றால் ‘போர்த்துக்கீசியக் கோழி’ என்று பொருள்; ஆனால் போர்த்துகல்லில் அப்படி ஒரு உணவே கிடையாது. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்த குழம்பில் கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு, மேலே ஆலிவ் காயும் அவித்த முட்டையும் வைத்து, அடுப்பினுள் வாட்டித் தருவார்கள். தட்டு வரும்போது மேற்பரப்பு ஆங்காங்கே பொன்னிறமாகப் பொருக்குத் தட்டியிருக்கும். கரண்டியால் அதை உடைத்தால் உள்ளிருந்து கிளம்புவது சந்தேகமில்லாமல் சொதி வாசம். காரம் மட்டும் குறைவு. காரம் வேண்டுமென்றால் ஆப்பிரிக்கக் கோழியைக் கேளுங்கள்: மிளகாய், தேங்காய், வேர்க்கடலை சேர்ந்த கெட்டியான மசாலாவை வாட்டிய கோழியின் மேல் கொட்டித் தருவது. ஒவ்வொரு சமையற்காரரும் தம்முடையதே அசல் என்பார். இரண்டு கடைகளில் சாப்பிட்டால் இரண்டு வேறு உணவுகள்போல இருக்கும்.

பன்றி இறைச்சி சாப்பிடுபவர்கள் பாலிஷாவும் புளியும் சேர்த்த இறைச்சியை விட்டுவிடக் கூடாது. பாலிஷாவ் என்பது பொடி இறாலை உப்பிட்டு நொதிக்கவைத்த விழுது. கருவாட்டுக் குழம்புப் பிரியர்களுக்கு அதன் நாற்றம் வாசமாகவே படும். மின்ச்சி இவை எல்லாவற்றையும்விட எளியது. கொத்திய இறைச்சியைச் சோயாச் சாற்றில் வதக்கி, சிறு சதுரங்களாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கைக் கலந்து, சோற்றின் மேல் வைத்து, அதற்கும் மேலே ஒரு பொரித்த முட்டை. மக்கானீஸ் வீடுகளில் அன்றாடம் சமைப்பது இதுதான். முட்டையின் மஞ்சள் கருவை உடைத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவதுதான் முறை. கரண்டியால்தான் என்றாலும் பிசைவது பிசைவதுதான். முடிவில் செர்ராதுரா வரும். மரத்தூள் என்று பொருள். நம் மளிகைக் கடை மரி பிஸ்கட்டை மாவாகப் பொடித்து, அடித்த பாலேட்டோடு அடுக்கடுக்காகப் போட்டுக் குளிரவைத்தது.

எங்கே சாப்பிடுவது? வீட்டுச் சமையலின் எளிமை வேண்டுமென்றால், தீபகற்பத்தின் சிடோனியோ பாயிஸ் பெருந்தெருவில் உள்ள ரிக்ஷோ. 2021இல் தம் 105ஆம் வயதில் மறைந்த ஐடா டி ஜேசுஸ் அம்மையார் நடத்திய உணவகம் இது. மக்கானீஸ் சமையலின் ஆத்தா என்றே ஊர் அவரைக் கொண்டாடியது. அலங்காரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கொஞ்சம் நிதானமாக, மேசை விரிப்போடு சாப்பிட விரும்புபவர்களுக்கு உள் துறைமுகத்தின் ஓரமாக, அல்மிரான்ட் செர்ஜியோ தெருவில் லிட்டோரல், அதே தெருவில் ஆ-மா கோயிலை நெருங்கும் இடத்தில் ஆ லோர்ச்சா. பின்னதில் போர்த்துக்கீசியப் பக்கம் ஓங்கியிருக்கும்: பூண்டும் கொத்தமல்லியும் போட்ட மட்டி, உப்பிட்ட காட் மீன், மண்சட்டியில் கடல் உணவுச் சோறு. 2023 டிசம்பரில் இலகு ரயில் ஆ-மா கோயிலை அடுத்த பார்ரா வரை நீட்டிக்கப்பட்டுவிட்டதால் கோத்தாயில் தங்கியிருப்பவர்கள் நேராக ரயிலேறி வந்து, அங்கிருந்து நடந்தே போய்ச் சேரலாம்.

பழைய காலனிக் காலத்தின் மிடுக்கைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு 1870இல் தொடங்கிய இராணுவ மன்றத்தின் இளஞ்சிவப்புக் கட்டடம் இருக்கிறது. அதன் உணவகத்தில் இப்போது பொதுமக்களும் சாப்பிடலாம். சாப்பாட்டைவிடக் கட்டடத்துக்காகப் போகலாம் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: மூன்று விளக்குப் பகுதியில் பர்மிய நூடுல்ஸ்

சுற்றுலாப் பிரசுரங்களில் இந்த இடம் அதிகம் தென்படாது. தீபகற்பத்தின் வடபகுதியில் கார்லோஸ் ட மாயா என்ற வட்டச் சதுக்கம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை மூன்று விளக்கு என்ற பொருள்படும் ‘சாம் ஜான் டாங்’ என்ற பெயரில்தான் சொல்வார்கள். 1962இல் பர்மாவில் ஆட்சியைப் பிடித்த இராணுவம் அடுத்த சில ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோதும், 1967இல் ரங்கூனில் சீனர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தபோதும், அங்கிருந்து வெளியேறிய சீனக் குடும்பங்கள் பல இந்தச் சதுக்கத்தைச் சுற்றிக் குடியேறின. இன்றும் ஏப்ரலில் இங்கே பர்மியரின் தண்ணீர்த் திருவிழா நடக்கிறது.

அதே ஆண்டுகளில், அதே காரணத்தால், லட்சக்கணக்கான இந்தியர்களும் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலேறிச் சென்னைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரை உண்டாக்கின. அங்கே தள்ளுவண்டியில் விற்கும் அத்தோ என்ற நூடுல்ஸ் கலவையும், வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப்பும் அவர்கள் கையோடு கொண்டுவந்தவை. மூன்று விளக்கில் ஒரு கடைக்குள் நுழைந்து மொய்ங்கா என்று கேளுங்கள். மீனைக் கரைத்துக் காய்ச்சிய, எலுமிச்சைப் புல் மணக்கும் அதே குழம்பை, அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றித் தருவார்கள். அகதிகளாகப் போன இரண்டு கூட்டங்கள், வங்காள விரிகுடாவுக்கு இந்தப் பக்கமும் தென்சீனக் கடலுக்கு அந்தப் பக்கமும், ஒரே கிண்ணத்தை வைத்துப் பிழைத்திருக்கின்றன.

தேங்காய்ப்பால் ஊற்றிய கோழி நூடுல்ஸும் இங்கே தவறாமல் கிடைக்கும்; நிறம் மஞ்சள், மேலே பொரித்த நூடுல்ஸ் நொறுக்கு, பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சை, மிளகாய்த்தூள் தனியாக. சதுக்கத்தைச் சுற்றிய சந்துகளிலும், ஃபெர்னாவ் மென்டிஸ் பின்டோ தெருவிலும் இத்தகைய சிறு கடைகள் இருக்கின்றன. பெரும்பாலும் காலையிலும் மதியத்திலும்தான் சுறுசுறுப்பு. ஆங்கிலம் எடுபடாது, பக்கத்து மேசைக் கிண்ணத்தைக் கைகாட்டினால் வேலை முடிந்துவிடும். மாளிகைகளின் ஒரு கோப்பைக் காபியின் விலையில் இங்கே ஒருவர் வயிறாரச் சாப்பிட்டு எழலாம்.

ஆறாம் படி: தைப்பா கிராமம், பிறகு கொலோவான்

இந்த இரண்டையும் ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம். வெனிஷியனிலிருந்து தைப்பாவின் பழைய கிராமம் நடக்கும் தூரம்தான். குன்யா தெரு என்ற ஒடுங்கிய சந்தில் பாதாம் பிஸ்கட்டும் உலர்த்திய இறைச்சித் தகடும் விற்கும் கடைகள் வரிசையாக நிற்கும். கத்தரிக்கோலும் கையுமாக நிற்கும் விற்பனையாளர்கள் இறைச்சித் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி வருவோர் போவோர் கையில் திணிப்பார்கள். பத்துக் கடை தாண்டுவதற்குள் அரை வயிறு நிறைந்துவிடும். மீதி வயிற்றுக்கு, 1968 முதல் நடக்கும் தாய் லெய் லோய் கெய் கடையின் பன்றி இறைச்சிப் பன் இருக்கிறது: வெளியே மொறுமொறுப்பான ரொட்டி, உள்ளே எலும்போடு பொரித்த ஒற்றைத் துண்டு, வேறு எதுவும் இல்லை. எலும்பு இருப்பதை மறந்து ஆவேசமாகக் கடித்துவிடாதீர்கள். நண்டு போட்டுக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியும் இந்தத் தெருவின் சிறப்பு.

அங்கிருந்து 26ஏ எண் பேருந்து கொலோவானுக்குப் போகிறது. கட்டணம் உள்ளூர் நாணயத்தில் 6 பட்டாக்கா. மீதிச் சில்லறை தரமாட்டார்கள். கொலோவான் கிராமத்தில் இறங்கினால், மாளிகை விளக்குகள் எதுவும் கண்ணில் படாத ஒரு மீனவர் ஊர். ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் 1989இல் இங்கேதான் லார்ட் ஸ்டோஸ் அடுமனையைத் திறந்து, லிஸ்பனின் முட்டைத் தார்ட்டை (அடுக்கடுக்கான மாவோட்டில் முட்டைக் கலவை நிரப்பிச் சுட்ட பலகாரம்) ஆங்கிலக் கஸ்டர்டின் மென்மையோடு கலந்து புதிதாக ஒன்றைச் செய்தார். இன்று ஆசியா முழுவதும் ‘போர்த்துக்கீசிய முட்டைத் தார்ட்’ என்று விற்பதெல்லாம் இந்த ஒரு கடையின் வம்சம்தான். அவருடைய முன்னாள் மனைவி மார்கரெட் நகர மையத்தில் லிஸ்போவா அருகே ஒரு சந்தில் தொடங்கிய கடைக்கும் ரசிகர் படை உண்டு. எது மேல் என்ற வாதம் முடிவதாக இல்லை. என் வாக்கு கொலோவானுக்கு, ஆனால் அதற்குப் பாதிக் காரணம் எதிரே இருக்கும் நீர்க்கரைதான். தட்டில் இருந்து எடுத்த சூட்டில், காகிதப் பையைப் பிரித்து, கரையோரக் கல்லில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேலே திட்டுத்திட்டாகக் கருகியிருப்பது குறையல்ல, அதுதான் பதம். அடுக்கடுக்கான ஓடு சட்டையின் மேலெல்லாம் உதிரும்.

நேரம் இருந்தால் அதே பேருந்தில் இன்னும் சற்றுத் தூரம் போய், கறுப்பு மணல் கொண்ட ஹாக் சா கடற்கரையில் ஃபெர்னாண்டோஸ் உணவகத்தில் இரவுணவை முடிக்கலாம். 1986 முதல் இருக்கும் செங்கல் கட்டடம், சிவப்புக் கட்டமிட்ட மேசை விரிப்பு, மண்சட்டியில் மட்டி, வாட்டிய கோழி, ஒரு பெரிய கூட்டம். கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு போங்கள்.

ஏழாம் படி: சைவ உணவுக்காரர்கள் செய்ய வேண்டியது

மறைக்காமல் சொல்வதென்றால், இந்த ஊர் சைவர்களுக்குக் கடினமானது. காய்கறி என்று பட்டியலில் எழுதியிருப்பதில் சிப்பிச் சாறோ, உலர் இறாலோ, கொத்திய பன்றி இறைச்சியோ இருக்கும். போர்த்துக்கீசியக் கீரை சூப்பில்கூட ஒரு வட்டத் துண்டு இறைச்சி மிதக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மீனையும் இறாலையும் அதில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எனவே, இறைச்சி, மீன், இறால், சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் கூடாது என்று விடுதி வரவேற்பில் உள்ளவர்களைக் கொண்டு சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் எல்லாக் கடையிலும் பேசும்.

நம்பிப் போகக்கூடிய இடங்கள் பௌத்த சைவ உணவகங்கள். தைப்பாவில் உள்ள போ தாய் மடாலயத்தின் உணவகம் அவற்றில் நன்கு அறியப்பட்டது. காளானும் சோயாத் தயிர்க்கட்டியும் தாமரைக் கிழங்கும் வகைவகையாக வரும். பௌத்த முறைப்படி வெங்காயம், பூண்டு தவிர்ப்பார்கள் என்பதால் ஆசாரமாகச் சாப்பிடுபவர்களுக்கும் பொருந்தும். பெரிய உணவகங்களில் இரண்டு நாள் முன்பே தெரிவித்தால் தனிச் சைவத் தொகுப்பு செய்து தருவார்கள். முட்டை சாப்பிடுபவர் என்றால் தார்ட்டே பாதிப் பசியைத் தீர்த்துவிடும்.

எட்டாம் படி: பணமும் ரசீதும்

உள்ளூர் நாணயம் பட்டாக்கா, 1.03 பட்டாக்காவுக்கு ஒரு ஹாங்காங் டாலர் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். ஹாங்காங் டாலரை எங்கும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான். மாளிகையில் அந்த 3 விழுக்காடு பெரிதாகத் தெரியும். மீதிச் சில்லறையைப் பட்டாக்காவாகக் கொடுத்தால் ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் செலவழித்துவிடுங்கள், ஹாங்காங்கில் அதற்கு மதிப்பில்லை. பெரிய உணவகங்களில் 10 விழுக்காடு பரிமாறல் கட்டணம் ரசீதிலேயே சேர்ந்து வரும், அதற்கு மேல் அன்பளிப்பு கட்டாயமில்லை.

சீன உணவகங்களில் கேட்காமலேயே மேசைக்கு வரும் வேர்க்கடலையும் ஊறுகாயும் இலவசமல்ல. முதல் தடவை போனபோது ஒரு கடையில் நான் அந்தக் கடலையைக் கொறித்துக்கொண்டே அரைமணி நேரம் பட்டியலைப் படித்தேன். பிறகு ரசீதில் கடலைக்கு ஒரு வரி, தேநீருக்கு ஆள்கணக்கில் ஒரு வரி. தேநீர்க் கட்டணம் வழக்கம், தவிர்க்க முடியாது. கடலையை மட்டும் வந்தவுடனே வேண்டாம் என்று திருப்பிவிடலாம். மீன், நண்டு போன்றவற்றுக்கு விலையை எழுதாமல் ‘அன்றைய விலை’ என்று போட்டிருந்தால், எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று சமைக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குவதில் வெட்கம் தேவையில்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்பார்கள்.

ஊருக்கு வாங்கிப்போவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முட்டைத் தார்ட்டின் ஓடு சில மணி நேரத்தில் நமத்துவிடும், எனவே அதைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். உலர் இறைச்சித் தகட்டைப் பல நாடுகளின் சுங்கத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். குன்யா தெருவிலேயே தின்று தீர்ப்பது நல்லது. பாதாம் பிஸ்கட் மட்டும் பயணத்தைத் தாங்கும். பெயர்தான் பாதாம், உள்ளே பெரும்பங்கு வறுத்த பாசிப்பயற்று மாவு. அச்சில் அழுத்தி எடுத்தது, வாயில் போட்டதும் பயத்தம் உருண்டைபோலப் பொடிந்து உதிரும். சில வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள் என்பதால், வீட்டில் சைவர்கள் இருந்தால் அந்தச் சீன எழுத்துத் தாளைக் கடைக்காரரிடம் இன்னொரு முறை நீட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள்.